டேபிள் பிடித்தவர்கள்

பத்தொன்பதாம் பதிப்பில் எதை நீக்கலாம்
என்று பார்ப்பது என் வேலை.
சேர்ப்பவர்களுக்குக் கைதட்டல் உண்டு.
நீக்குகிறவளுக்கு ஒரு எக்செல் தாள்.

ஒன்-நார்த், ஒன்பதாவது மாடி.
கண்ணாடிச் சுவரெங்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்கள்:
அர்த்தம் பார்த்துத் தேடும் தேடல்,
தானே சீராகும் இண்டெக்ஸ்,
நேற்றைய வரியை நேற்று இருந்தபடியே காட்டும் வினவல்.
ஒவ்வொன்றாய்த் தொட்டு
இது விற்கும், இது விற்காது என்கிறான் ஃபாங் ஜுன்,
டுரியானை முகர்ந்து பார்க்கிறவன் மாதிரி.

என் பட்டியலில் முதல் வரி:
முழு டேபிளையும் பூட்டும் பழைய முறை.
ஒருவர் எழுதி முடிக்கும்வரை
மற்ற எல்லாரும் நிற்க வேண்டும்.
இப்போது யார் நிற்கிறார்கள்?
ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுகிறோம்,
அவரவர் கணத்தை அவரவர் படிக்கலாம்.
மோதிக்கொண்டால்
பிந்தியவருக்கு ஒரு சிவப்புச் செய்தி.

பயன்பாட்டுக் கணக்கு வந்தது.
ஆசியா முழுவதற்கும்: ஒன்று.
"பூஜ்ஜியத்துக்கு அடுத்த வீடு" என்றான் உதயணன்.
கணக்கு சரிதான்.
ஆனால் பூஜ்ஜியத்துக்குத் தொலைபேசி எண் கிடையாது.
இதற்கு இருந்தது.

இரவு இரண்டரை மணிக்கு டாக்சியை விட்டு இறங்கினேன்,
ஜூரோங் மீன் சந்தை வாசலில், ஈரத்தில்,
அலுவலகச் செருப்போடு.
ஸுரைடா ரப்பர் பூட்ஸில் வந்தாள்.
பிளாஸ்டிக் உறை போட்ட கீபோர்டு,
திரையின் ஓரத்தில் காய்ந்த செதில் ஒன்று.
எங்கள் பதினோராம் பதிப்பு
அங்கே இன்னும் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

புதியதைப் போட்டுப் பார்த்தோம், ஒரு வாரம், என்றாள்.
ஒரே கூடை கொடுவா,
இரண்டு பேர் திரையிலும் 'இருக்கிறது'.
இரண்டு பேரும் அழுத்தினார்கள்.
ஒருவருக்கு மீன்.
இன்னொருவருக்கு 'மறுபடி முயலவும்'.
லாரியில் ஐஸ் உருகும்போது
எதை முயல்வது?
நில் என்றால் நிற்போம்.
இல்லாததை இருக்கிறது என்று காட்டாதீர்கள்.

வேறு வழி இருக்கிறது என்று வாயெடுத்தேன்.
இருக்கிறது, நான்கு வழி,
கையேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
நிரலை எழுதியவர் பெர்த்துக்குப் போய்ப் பல வருடமாயிற்று
என்று அவளாகவே சொன்னாள்.
பிறகு யாரோ மலாயில் கத்த, ஏலம் தொடங்க,
திரை பூட்டிக்கொண்டது.
நாற்பது பேர் சும்மா நின்றார்கள்,
ஒருவன் கோப்பி உறிஞ்சினான்.
பதினொரு விநாடி. எண்ணினேன்.

மறுநாள் மதியம், கிம் மோ உணவங்காடி.
காலி டேபிளைக் கண்டதும் ஃபாங் ஜுன்
ஒரு டிஷ்யூ பொட்டலத்தை அதன்மேல் எறிந்துவிட்டு
மீன் பீஹூன் வரிசைக்குப் போனான்.
தட்டேந்தியபடி எத்தனையோ பேர் சுற்றி வந்தார்கள்.
பொட்டலத்தைப் பார்த்தார்கள்.
விலகிப் போனார்கள்.
காவலில்லை, சட்டமில்லை,
பாதி தீர்ந்த பொட்டலம்.

அவன் திரும்பி வந்ததும்
அதை விரலால் தள்ளிக் கேட்டேன்:
இதை எந்தப் பதிப்பில் நீக்கலாம்?

சிரித்தான். உடனே சிரிப்பை நிறுத்தினான்.
மிளகாய் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே
இரண்டு வருடம், அதற்குமேல் கேட்காதே என்றான்.

நான் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது.
இரண்டு வருடம் கழித்து
வேறொருத்தி இதே வரியில் வந்து நிற்பாள்.

தாளில் 'காரணம்' என்றொரு கட்டம்,
வெறுமையாக விட்டால் சேமிக்காது.
அந்த விதியை வைத்ததும் நான்தான்.
'மீன்' என்று அடித்தேன்.
ஒரு கணம் யோசித்துவிட்டு
ஏற்றுக்கொண்டது.